பன்னிரண்டு ஐந்துக்குத் தொடங்கிய இன்சூரன்ஸ்

போன மாதம் எங்கள் பழைய கிளை அலுவலகத்திலிருந்து லதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது மோட்டார் இன்சூரன்ஸ் பிரிவில் அவள்தான் மூத்தவள். ஒரு கார்க்காரர் கவுன்ட்டரில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். "என் மச்சான் வண்டியும் இதே வண்டி, இதே வருஷம். அவனுக்குக் கம்மி, எனக்கு மட்டும் ஏன் ஜாஸ்தி?" என்று கேட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் தொகையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. லதா திருதிருவென்று விழித்திருக்கிறாள்.

"நீங்க இருந்தப்ப இதுக்கெல்லாம் என்ன மேடம் பதில் சொல்லுவீங்க?" என்றாள்.

"காரணத்தோட சொல்லுவோம். தொகைய நாங்கதானே கையால போட்டோம்" என்றேன்.

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நான் சரியாகச் செய்த நூறு காரியங்களை விட்டுவிட்டு, தப்பாகச் செய்த ஒன்றுதான் முதலில் வந்து நிற்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் வெட்கம் கொஞ்சம் உண்டு, பயம் இல்லை.

சென்னையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பதினாலு வருடம் டைப் அடித்தேன், இடையில் இன்சூரன்ஸ் பரீட்சைகளை எழுதினேன், பாஸ் செய்தேன். அந்தப் பதினாலு வருடத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. என் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர் என்பதால் மாற்றல் கேட்டு, 1989-ல் திருவண்ணாமலைக் கிளைக்கு வந்தேன். ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரம் ஆன வருடம். புது மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே வருடம்தான். ஒரே நேரத்தில் மாவட்டமும் புதுசு, சட்டமும் புதுசு, நானும் புதுசு.

அப்போது கார் இன்சூரன்ஸுக்கு நாடு முழுவதும் ஒரே விலைப் புத்தகம். எஞ்சின் எவ்வளவு பெரியது, வண்டியின் மதிப்பு என்ன, எந்த ஊரில் ஓடுகிறது என்று பார்த்து பிரீமியம் போட வேண்டும். பெரிய நகரங்களுக்கு ஜாஸ்தி, எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கம்மி. சின்ன ஊரில் வண்டி குறைவு, விபத்தும் குறைவு என்று அந்தப் புத்தகத்தை எழுதிய புண்ணியவான்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவராவது மாசி மாதத்தில் செங்கம் ரோட்டில் கார் ஓட்டியிருக்க வேண்டும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

மாசியில் எங்கள் பக்கத்தில் தார் ரோடுதான் களம். கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி இலவசமாகப் போரடித்துக் கொடுக்கும். அதில் கார் போனால் பிரேக் பிடிக்காது, சறுக்கும். காய்ந்த கொடி அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் போகும். பௌர்ணமி வந்தால் மலையைச் சுற்றும் ரோடு முழுக்க ஜனங்கள் வெறுங்காலோடு, மலையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். ரோட்டைப் பார்க்க மாட்டார்கள். இது போதாதென்று பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற வண்டியெல்லாம் ஊர் நடுவில்தான் போகும். இதெல்லாம் விலைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆனால் புத்தகத்தில் ஒரு சின்னச் சந்து இருந்தது. ஒரு வண்டிக்கு அடிக்கடி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டி வந்தால், அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது விலைக்கு மேல் கூட்டிப் போடலாம். அதற்கு லோடிங் என்று பெயர். எவ்வளவு கூட்டலாம் என்று கிளை சிபாரிசு செய்யும், வேலூர் டிவிஷன் ஆபீஸ் முடிவு செய்யும். ரொம்ப மோசமான வண்டி என்றால் எழுதவே வேண்டாம் என்றுகூட வேலூர் சொல்லும். ஊரின் குணம் பிரீமியத்துக்குள் நுழைவது அந்தச் சந்து வழியாகத்தான்.

எங்கள் கிளை மேலாளர் பரசுராமன் சார். கோப்புகளை நின்றுகொண்டுதான் படிப்பார். "உக்காந்து படிச்சா ரெண்டாம் பக்கத்துல தூக்கம் வரும், கோமதி" என்பார். டாக்ஸி டிரைவரையும் சார் என்றுதான் கூப்பிடுவார். மற்ற கிளைகளில் மூன்று தடவை நஷ்ட ஈடு கேட்டவர் என்றால், கோப்பைத் திறக்காமலே உச்சபட்ச லோடிங் போட்டு அனுப்பிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு விபத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஆளா, இடமா?"

ஓட்டியவரின் தப்பா, ரோட்டின் தப்பா என்று அர்த்தம். பதில் தெரியவில்லை என்றால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே போய்விடுவார். ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடிப்பார். கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். திரும்பி வந்து நின்றுகொண்டே மறுபடி கோப்பைப் படிப்பார். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் அறிக்கையில் இருப்பதைவிட டீக்கடைக்காரர் சொன்னதில்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்த வளைவில் எந்த மாதம் என்ன நடக்கும் என்று நான் மேஜையில் உட்கார்ந்தபடியே சொல்லுவேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இனி ஏகாம்பரத்துக்கு வருகிறேன். அடி அண்ணாமலைக்காரர். சொந்தமாக ஒரு அம்பாசிடர் வைத்து டாக்ஸி ஓட்டினார். நிறைய பேசாத மனிதர். இரண்டு வருடத்தில் மூன்று தடவை நஷ்ட ஈடு கேட்டிருந்தார். முதல் தடவை செங்கம் ரோட்டில் கேழ்வரகுக் கதிர் சுற்றி வண்டியின் அடிப்பாகம் எரிந்துபோனது. இரண்டாவது தடவை ஒரு பௌர்ணமியில் குறுக்கே வந்த கும்பலைத் தவிர்க்க ஒடித்து, பாலத்துச் சுவரில் மோதினார். மூன்றாவது தடவை கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் கரும்பு டிராக்டரின் பின்னால் இடித்தார். டிராக்டரில் விளக்கு இல்லை. ஆனால் முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று கல்யாண வீட்டார் அவசரப்படுத்தியதால் இவரும் வேகமாகத்தான் போயிருக்கிறார்.

மூன்று இடத்தையும் சார் போய்ப் பார்த்தார். வந்து சொன்ன தீர்ப்பு: "ரெண்டரை இடம், அரை ஆள்."

வேலூருக்கு அந்த அரைக் கணக்கெல்லாம் புரியவில்லை. மூன்று விபத்து, ஆகவே மோசமான டிரைவர், ஆகவே புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் டாக்ஸி ரோட்டில் இறங்க முடியாது. ஏகாம்பரத்துக்கு அந்த வண்டியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. சார் நாலு பக்கம் பதில் எழுதினார். கேழ்வரகு, கரும்பு, பௌர்ணமி எல்லாவற்றையும் விவரமாக எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். பாதி லோடிங்கோடு புதுப்பிக்கலாம் என்று வேலூர் இறங்கி வந்தது. அந்தக் கடிதம் எங்கள் கைக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலைத் தபாலில். பழைய பாலிசி அதற்கு முந்தைய நள்ளிரவோடு முடிந்துவிட்டது.

இன்சூரன்ஸ் முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்று ஏகாம்பரம் வியாழக்கிழமை சாயங்காலமே எங்கள் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருந்தார். இப்படிப்பட்ட ஆளைத்தான் வேலூர் மோசமான டிரைவர் என்று எழுதியது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கீழே இறங்கி வண்டியைப் பார்த்தேன். பாலிசி முடிந்த வண்டி என்றால் பார்க்காமல் எழுதக் கூடாது. பானெட்டைத் திறந்து, சேசிஸ் நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தேன். நம்பர் தாளில் எழும்பியதும் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மேலே வந்தேன். அவர் பணம் கட்டி ரசீது வாங்கியபோது மணி பத்து ஐம்பது.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். எங்கள் ஊரில் ராகு காலத்தில் பணம் கட்டுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், பேசுவார்கள். ஆனால் பாலிசி வருவதற்கு முன்னால் நாங்கள் கொடுக்கும் கவர் நோட் என்ற சீட்டில் மட்டும் ராகு காலம் விழக் கூடாது. நான் வந்த புதிதில் அதெல்லாம் முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு ஆபீசுக்குப் போய்விட்டார்கள். ஊரோடு ஒத்துவாழ் என்று நானும் ராகு கால அட்டவணையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சாருக்கும் தெரியும். சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

ஏகாம்பரம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வூட்ல கண்டிஷனா சொல்லி அனுப்பிச்சாங்கம்மா. மூணு தடவ அடிபட்டுச்சே, அந்தச் சீட்டு எந்த நேரத்துல எழுதுனாங்களோ, இந்தத் தடவயாவது ராகு காலம் தாண்டி எழுதி வாங்கிட்டு வான்னு."

"பன்னெண்டு அஞ்சு போட்டுடறேன். அதுவரைக்கும் வண்டிய அசைக்கக் கூடாது, தெரியுதா?"

"சாவிய உங்க மேஜைலயே வெச்சுடறேன். நா டீக்கடையில இருக்கேன்" என்று சாவியை என் முன்னால் வைத்தார்.

கவர் நோட்டில் எழுதிக் கொடுத்த நேரம் என்று ஒரு கட்டம், பாதுகாப்பு தொடங்கும் நேரம் என்று ஒரு கட்டம். இரண்டிலும் 12.05 என்று எழுதினேன். மேலே இருந்த தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். கார்பன் வைத்த இரண்டு பிரதிகள் புத்தகத்திலேயே இருந்தன.

பதினொன்றரை மணிக்குக் கீழே அரிசி மண்டிக்கு ஒரு லாரி வந்தது. டாக்ஸி வழியை மறித்துக்கொண்டு நின்றது. லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்கள் பியூன் மேலே வந்து, "மேடம், அந்த டாக்ஸி சாவி. பத்தடி பின்னாடி எடுக்கணுமாம்" என்றான். நான் ஒரு தீ விபத்து பாலிசிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. இடது கையால் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஏகாம்பரம் டீக்கடையிலிருந்து ஓடி வந்து வண்டியைப் பின்னால் எடுத்தார். தலையில் கொய்யாக்கூடையோடு முனியம்மாள் என்ற அம்மாள் வண்டிக்குப் பின்னால் கடந்துகொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். நடவு இல்லாத நாட்களில் கொய்யா விற்க டவுனுக்கு வருகிறவள். சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினேன். தெரு முழுக்கக் கொய்யாப் பழம் உருண்டு கிடந்தது. அவளுடைய தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மத்தியானம் ஏகாம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் வந்தார். சட்டையில் ரத்தம். கையில் அந்தச் சீட்டு.

"பன்னெண்டுல ரெண்ட மட்டும் சுழிச்சு சைபர் ஆக்கிட்டா பத்து அஞ்சு ஆயிடும்மா. பணம் நா பத்து மணிக்கே எண்ணி வெச்சிட்டுதானே நின்னேன். பொய் ஒண்ணும் இல்லியே. அந்தம்மாவுக்கு நா எங்கேர்ந்து குடுப்பேன்? வண்டிய வித்தாக்கூடப் பத்தாது."

சீட்டு என் மேஜையில் இருந்தது. புத்தகமும் இருந்தது. பேனா என் கையில் இருந்தது. ஒரு சுழி. கார்பன் பிரதிகளிலும் ஒவ்வொரு சுழி. யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த நிமிஷம் என் கை அசையத்தான் பார்த்தது.

சார் தன் அறையிலிருந்து வந்தார். ஏகாம்பரத்தை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். சீட்டை வாங்கி, இனி யாரும் திருத்த முடியாதபடி பின்பக்கத்தில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் மேஜையிலிருந்த கவர் நோட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவருடைய பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

ஏகாம்பரம் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "உங்கள நம்பாம பூட்டல, கோமதி. நாளைக்கு யாரும் உங்களச் சந்தேகப்படக் கூடாதுன்னு பூட்டினேன்."

"சார், அவர் பணம் கட்டிட்டார்."

"கட்டிட்டார். நேரத்த எழுதாம விட்டிருந்தீங்கன்னா அந்த நாள் ஆரம்பத்துலேர்ந்தே பாதுகாப்பு இருந்திருக்கும். எழுதினதால எழுதின நேரத்துலேர்ந்துதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நா தடுத்திருக்கணும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். இன்னிக்கு ஆளும் இல்ல, இடமும் இல்ல."

 அப்படியென்றால் தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் ஏகாம்பரம் தப்பித்திருப்பார். உபகாரம் என்று நினைத்துப் பன்னிரண்டு ஐந்து போட்டு அவர் தலையில் கல்லைப் போட்டது நான்தான். அன்று சாயங்காலம் சார் சொன்னபடி நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். சாவி சமாச்சாரத்தையும் எழுதினேன்.

முனியம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போலீசு வந்து எத்தினி மணிக்கு அடிபட்டுச்சுன்னு கேட்டுச்சு. வக்கீலு வந்து எத்தினி மணிக்குன்னு கேட்டாரு. நீயும் அதான் கேக்கப் போறியா? காலு எப்பிடி கீதுன்னு ஒருத்தரும் கேக்கல."

"கால் எப்படி இருக்குதும்மா?"

"இனிமே நாத்து நட முடியாதாம். குந்த முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அப்புறம் இன்னா இருந்து இன்னா?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தலைமாட்டிலிருந்த தண்ணீர்ச் சொம்பை எட்ட முடியவில்லை, எடுத்துத் தா என்றாள்.

அவள் நஷ்ட ஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போனாள். விபத்து நடந்தபோது பாதுகாப்பு தொடங்கவில்லை, ஆகவே பொறுப்பு முழுக்க வண்டிக்காரருடையது என்று எங்கள் கம்பெனி பதில் போட்டது. ஏகாம்பரத்திடம் இருந்த சொத்து அந்த அம்பாசிடர் ஒன்றுதான். கம்பெனி தப்பித்தால் அவர் வண்டி போகும், போனாலும் முனியம்மாளுக்கு முழுசாக ஒன்றும் கிடைக்காது. என் இரண்டு பக்க வாக்குமூலம் வேலூரில் ஏதோ ஒரு கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி தரப்புச் சாட்சியாக என்னையே கூப்பிட்டார்கள். சீட்டை எழுதியது நான்தானே.

முந்தின நாள் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். "எழுத்து உங்களோடதான்னு கேப்பேன். ஆமான்னு சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் போதும் மேடம்" என்றார்.

அவர் போனதும் சாரிடம் கேட்டேன், என்ன சொல்லட்டும் என்று. சார் கையிலிருந்த கோப்பை மூடினார். "நீங்க என்ன சொல்லணும்னு நா சொன்னா அது என் சாட்சி ஆயிடும். உங்க சாட்சியா இருக்காது." அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கூண்டில் ஏறினேன். வக்கீல் சீட்டைக் காட்டினார். எழுத்து என்னுடையதுதான் என்றேன். தொடங்கும் நேரம் 12.05 என்றுதானே இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். அவர் உட்காரப் போனார்.

நீதிபதி சீட்டை வாங்கிப் பார்த்தார். "பணம் எத்தனை மணிக்கு வாங்கினீங்க?"

"பத்து அம்பதுக்கு, ஐயா. சீட்டும் அப்பவே எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன் ரெண்டு கட்டத்துலயும் பன்னெண்டு அஞ்சு?"

"வெள்ளிக்கிழமை, ஐயா. பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. சிரிக்கிறவர்கள் வெளியே போய்ச் சிரிக்கலாம் என்றார் நீதிபதி. சத்தம் அடங்கியதும் என்னிடம், "ராகு காலத்துல உங்க கம்பெனி பணம் வாங்குமா?" என்று கேட்டார்.

"வாங்கும், ஐயா."

"அப்ப பணம் வாங்கறதுக்கு ராகு காலம் கிடையாது. பாதுகாப்புக் குடுக்கறதுக்கு மட்டும்தான் ராகு காலம்."

எங்கள் வக்கீல் எழுந்தார். வண்டிக்காரர் கேட்டுத்தான் எழுதியது என்று ஆரம்பித்தார். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. நான் இடையில் பேசினேன். கேட்காமல் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, இன்னொண்ணும் இருக்கு. பன்னெண்டு அஞ்சு வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாதுன்னு சாவிய அவர் என் மேஜைல வெச்சிருந்தார். அத எடுத்துக் குடுத்தது நான்."

வக்கீல் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சுமா என்று நான் நேராகவே நின்றேன். 

கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முனியம்மாளுக்குப் பணம் கிடைத்தது. மேல்முறையீடு போயிருந்தால் அந்தத் தீர்ப்பு நின்றிருக்குமா என்று எனக்கே சந்தேகம்தான். தொகை பெரிதில்லை என்று கம்பெனி விட்டுவிட்டது. என்னை விடவில்லை. உண்மைக்கு மாறான நேரம் எழுதியதற்கு விளக்கம் கேட்டார்கள். எழுதினேன். ஒரு வருட இன்கிரிமென்ட் போயிற்று. நியாயம் என்றுதான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு ராகு காலமோ எமகண்டமோ, கடிகாரம் காட்டுகிற நேரத்தைத்தான் எழுதினோம். பிடிக்காதவர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போனார்கள். சார் போகட்டும் என்றார்.

தீர்ப்பு வந்த வருடம் ஏகாம்பரத்தின் பாலிசி புதுப்பிக்க வந்தது. இப்போது அவர் கணக்கில் நாலு விபத்து. நாலாவது அவர் தப்பில்லை என்று சார் மறுபடியும் மூன்று பக்கம் எழுதினார். நானும் தனியாக ஒரு குறிப்பு வைத்தேன். வேலூர் அசையவில்லை. முழு லோடிங். என் உத்தியோகத்தில் ஒரு அம்பாசிடருக்கு நான் போட்ட மிக அதிகமான பிரீமியம் அதுதான்.  ஏகாம்பரத்திடம் நானே சொன்னேன்.

"இது உங்க தப்புக்கு இல்ல. என் தப்புக்கு. ஆனா கட்ட வேண்டியது நீங்க. என்னால கம்மி பண்ண முடியல."

அவர் தொகையைப் பார்த்தார். வண்டி மிஞ்சியதே பெரிது என்றார். போகிறவர் படியிலிருந்து திரும்பி வந்தார்.

"இன்னொண்ணும்மா. என் சம்சாரம் சரோஜாவுக்குத் தெரியாது. ராகு காலம் தாண்டி எழுதி வாங்கச் சொன்னது அவதானே. அதனாலதான் இவ்ளோ வம்புன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. சீட்டு ஆரம்பிச்சப்புறம், பன்னெண்டு பத்துக்கு இடிச்சேன்னு சொல்லி வெச்சிருக்கேன். கோர்ட்டுக்கும் அவள வர வுடல."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் சவாரியாகப் பெங்களூர் போயிருந்ததால் பணம் கட்ட சரோஜாவே வந்தாள். நான் அவளை அதுவரை பார்த்ததில்லை. ஒல்லியான பெண், கையில் மஞ்சள் பை. என் எதிரில் உட்கார்ந்து பையைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான மேடம் கோர்ட்டுல சாட்சி சொன்னது?"

"ஆமாம்மா."

"டாக்ஸி ஸ்டாண்டுல ஒருத்தரு வேற மாரி சொல்றாரு. சீட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இடிச்சிட்டாருன்னு. நா நேரம் பாத்து எழுதச் சொன்னதாலதான் அந்தம்மா காலு போயி, கேசு வந்து, இவ்ளோ கட்ட வேண்டி வந்துச்சுன்னு சொல்றாரு. எங்க வூட்டுக்காரரு அப்பிடி இல்லன்றாரு. எனக்குத் தூக்கமே இல்ல மேடம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. நீங்க சொல்லுங்க, எத்தினி மணிக்கு?"

சார் தன் அறை வாசலில் கோப்போடு நின்றிருந்தார். படிப்பதை நிறுத்திவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

"பன்னெண்டு பத்து" என்றேன்.

"அப்ப சீட்டு எழுதின நேரத்தால ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலம்மா. நீங்க சொன்னதுல தப்பே இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் பையைத் திறந்தாள். சார் சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.